மேரி அக்கா சொல்லாத ஆமென்

இன்று மேரி அக்கா மலேசியாவின் தங்காக் ஊரில் இருக்கும் என் துணிக்கடைக்கு வந்தார். எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்துக்குத் தவறாமல் வருபவர். துணியைத் தொடவே இல்லை.

"தம்பி, வெள்ளிக்கிழமை உன் ஜெபத்துக்கு நான் ஆமென் சொல்லலை."

கவனித்திருந்தேன். அரசாங்கம் கவிழுமா என்று வாரம் முழுக்கக் கைப்பேசியே கதியாகக் கிடந்தேன். ஜெபிக்கக் கண்ணை மூடியதும், எனக்குப் பிடித்த தலைவரே ஜெயிக்க வேண்டும் என்று பெயரோடு வாயில் வந்துவிட்டது. அக்கா வீட்டில் எல்லாரும் எதிர்க்கட்சி.

"நீ ஜெபமா பண்ணே? ஓட்டுல்ல கேட்டே!"

"பயம்க்கா. நாடு என்ன ஆகும், கடை என்ன ஆகும்னு..."

"எனக்கு மட்டும் பயம் இல்லையா? அதை மட்டும் சொல்லியிருந்தா நான்தான்லா முதல் ஆமென். இனிமே கூட்டத்துக்கு வரலைன்னு சொல்லத்தான் வந்தேன்."

மன்னிப்புக் கேட்டேன். பிறகு, வியாபாரி ஆயிற்றே, பேரம் பேசினேன்.

முடிவு இதுதான்: ஜெபத்தில் யார் பெயரும் வராது. அக்கா வருவார், சத்தமாக ஆமென் சொல்வார். நான் மீறினால் அவருக்குத் திரைத்துணி பத்து மீட்டர் இலவசம்.

செய்தியை இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். எதற்கும் அந்தப் பத்து மீட்டரை வெட்டித் தனியாக வைத்துவிட்டேன்.