சைலன்சர் மாற்றிய ஞாயிறு

2009-இல், என் மனைவி கோபித்துக்கொண்டு சிதம்பரத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. நான் கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு வாடகை வீட்டில் தனியாகக் கிடந்தேன். கெமிக்கல் கம்பெனி ஒன்றில் ஸ்டோர் கீப்பர் வேலை. ஞாயிறு தவறாமல் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு என் பழைய காரில் சிதம்பரம் போவேன். அவளை ஒருமுறை நேருக்கு நேர் பார்த்து, வீட்டுக்கு வா என்று கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் நான் போகும்போதெல்லாம் அவள் வீட்டில் இருக்கமாட்டாள்.

இப்பத்தான் மாப்ள கோயிலுக்குப் போனா என்பார் அத்தை. அடுத்த வாரம் கடைக்கு. அதற்கடுத்த வாரம் தையல் கிளாஸ். ஞாயிற்றுக்கிழமை என்ன தையல் கிளாஸ் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவள் செருப்பு வாசலிலேயே கிடக்கும். புதுச் செருப்பு வாங்கியிருப்பாள் போல என்று நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். அத்தை போடும் காபியைக் குடித்துவிட்டு, அரை மணி நேரம் ஃபேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்புவேன். போன் பண்ணினாலும் எடுப்பது அத்தைதான்.

எங்கள் பக்கம் உப்புக் காற்று எந்த இரும்பையும் விட்டுவைக்காது. காரின் சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்து, டிராக்டர் மாதிரி சத்தம் போட ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆயிற்று. அவளுக்கு அந்தச் சத்தம் ஆகவே ஆகாது. மானம் போகிறது, மாற்றித் தொலையுங்கள் என்று எத்தனையோ தடவை சொன்னாள். உங்க அப்பன் வீட்டுக் காரா என்று நான் எரிந்து விழுந்தேன். என் வாய் அப்படி. ஏழு மாதம் கழித்துத்தான் எனக்குப் புத்தி வந்தது. அவள் சொன்ன ஒரு வார்த்தையையாவது கேட்டேன் என்று தெரிந்தால் கொஞ்சம் மனசு இறங்கமாட்டாளா?

ஒர்க் ஷாப்பில் விட்டால் ஒரு மணி நேர வேலை. ஆனால் அந்த மெக்கானிக் பார்க்கும்போதெல்லாம், "அண்ணி ஊர்லேர்ந்து வந்துட்டாங்களா?" என்று கேட்பான். நல்ல எண்ணத்தில்தான் கேட்பான். பதில் சொல்லத்தான் என்னால் முடியவில்லை. நாமே மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஒரிஜினலா லோக்கலா என்றார்கள். லோக்கல் என்றேன்.

சனிக்கிழமை இரவே போல்ட்டுகளின் மேல் மண்ணெண்ணெய் விட்டு ஊற வைத்தேன். ஞாயிறு காலை விடிந்ததும் பின் சக்கரங்களை இரண்டு கருங்கல் பலகை மேல் ஏற்றி நிறுத்திவிட்டு, கோணியை விரித்து அடியில் நுழைந்தேன். மூன்றே மூன்று போல்ட். முதல் போல்ட் அசையவே இல்லை. மூச்சைப் பிடித்து அரை மணி நேரம் ஸ்பேனரைத் தள்ளினேன். அப்புறம்தான் உறைத்தது, படுத்துக்கொண்டு நட்டின் முதுகுப் பக்கத்திலிருந்து பார்க்கிறேன் என்று. கழற்றுவதாக நினைத்துக்கொண்டு இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். ஸ்டோர் கீப்பராம் ஸ்டோர் கீப்பர், பன்னிரண்டு வருஷமாக நட்டு போல்ட் எண்ணுகிறவன்!

திசையை மாற்றித் தள்ளியதும் முதலாவது கிரீச்சென்று அழுதுகொண்டே வந்தது. இரண்டாவது போல்ட்டின் தலை மழுங்கி, ஸ்பேனர் வழுக்கி, என் புறங்கை பைப்பில் மோதிக் கிழிந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. ஸ்பேனரை விட்டெறிந்தேன், வாய்க்கு வந்தபடி போல்ட்டைத் திட்டினேன். திட்டிக்கொண்டிருக்கும்போதே எனக்குக் கேட்டது, அத்தனையும் அவளைத் திட்டிய அதே வார்த்தைகள். ஒன்றுகூடப் புதிது இல்லை. எதிர்வீட்டு டீவியில் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் போல்ட்டை ஆக்சா பிளேடு வைத்து அறுத்தேன். துருத்தூள் கண்ணில் கொட்டியது. மூன்றாவது பாதியில் தானாகவே முறிந்து விழுந்தது, புண்ணியமாகப் போயிற்று.

கழற்றியதுகூடப் பெரிதில்லை, மாட்டுவதுதான் பெரும்பாடு. சைலன்சரை ஒருவர் தூக்கிப் பிடிக்க வேண்டும், ஒருவர் போல்ட் போட வேண்டும். எனக்கு இருந்தது நான் ஒருத்தன். பைப்பை நெஞ்சில் வைத்து, முழங்காலால் ஒரு முனையை முட்டுக் கொடுத்து, ஒரு கையால் போல்ட்டை நுழைத்தால் மறு கையில் இருக்கும் நட்டு விழுந்து உருளும். லோக்கல் பீஸ் வேறு, ஒரு துளை சரியாகப் பொருந்தவில்லை, அரம் போட்டுப் பெரிதாக்க வேண்டியிருந்தது. தெருவில் யாரையாவது கூப்பிட்டால் ஓடி வந்திருப்பார்கள். வந்தால் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பார்கள், தண்ணீர் கொடுக்க யாரும் இல்லையே என்பார்கள். வேண்டாம் என்று நைலான் கயிற்றால் பைப்பைப் பின் பம்பரோடு சேர்த்துக் கட்டித் தொங்கவிட்டு, ஒரு வழியாக மாட்டி முடித்தேன். மணி இரண்டு ஆகிவிட்டது.

ஸ்டார்ட் பண்ணினேன். எஞ்சின் ஓடுகிறதா என்றே சந்தேகம் வந்தது, அவ்வளவு அமைதி. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சொல்ல ஆள் இல்லை, ஆனாலும் சிரித்தேன். குளித்து, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, சாப்பிடாமலே கிளம்பிவிட்டேன்.

சிதம்பரத்தில் அவர்கள் தெருவுக்குள் திரும்பியபோது அவள் வாசல்படியில் உட்கார்ந்து தலை காயவைத்துக்கொண்டிருந்தாள். நான் காரை நிறுத்திக் கதவைத் திறந்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள். விருட்டென்று எழுந்தாள். உள்ளே திரும்பினாள், பிறகு நின்றுவிட்டாள்.

"சத்தமே கேக்கலியே" என்றாள்.

பைத்தியக்காரன், எனக்குப் பெருமை பிடிபடவில்லை. சைலன்சரை மாற்றிவிட்டேன், நானே மாற்றினேன் என்று ஆரம்பித்து, மழுங்கின போல்ட், அரம் போட்ட துளை, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் கைத்துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் கேட்டுவிட்டேன், வா, வீட்டுக்குப் போகலாம் என்று.

ரொம்ப நேரம் கூந்தலை விரலால் சிக்கெடுத்துக்கொண்டே நின்றாள்.

"நான் வர்லங்க" என்றாள். "தெரு முனையில உங்க வண்டி சத்தம் கேட்டதும் கொல்லப்பக்கமா பக்கத்து வூட்டுக்குப் போயிடுவேன். மூஞ்சிக்கு நேரா சொல்ற தைரியம் எனக்கு வர்ல. இன்னிக்கு மாட்டிக்கிட்டேன், சொல்லிட்டேன்."

பழைய நானாக இருந்தால் தெருவையே கூட்டியிருப்பேன். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவள் அதற்குத் தயாராகக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் வற்றிவிட்டது. சரி என்றேன். அத்தை காபியோடு வந்தார், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினேன்.

புதுச்சத்திரம் தாண்டி ஆலப்பாக்கம் வரை வெயில் இருந்தது. ஜன்னல்களை ஏற்றிவிட்டு ஓட்டினேன். பழைய சத்தத்தோடு வந்திருந்தால் தப்பித்திருக்கலாம், நான் அழுதது எனக்கே நன்றாகக் கேட்டது.