அம்மாவுக்காகப் பிடித்த ஆமை

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று சொல்வார்கள். எங்கள் வீட்டுக்கு ஆமை தானாகப் புகவில்லை. மாமாவும் அப்பாவும் சேர்ந்து அதை ஒரு பழைய பிக்கப்பில் மல்லாக்கப் போட்டு, தார்ப்பாயால் மூடி, பகல் வெயிலில் கொண்டுவந்து இறக்கினார்கள். ஆகவே பழமொழியைக் குறை சொல்வதற்கில்லை.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் சவுதியில், அல் கோபாரில் இருந்தோம். அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பாவுக்குக் கடல்நீரைக் குடிநீராக்கும் பிளாண்டில் வேலை. அம்மாவின் தம்பி தூத்துக்குடிக் கடலில் பிறந்து வளர்ந்தவர். எங்களுக்குப் பின்னால் விசா வாங்கி வந்து, ஒரு அரபியின் மீன்பிடிப் படகில் சேர்ந்து ஐந்தாறு மாதம் ஆகியிருந்தது. எனக்கு ஒன்பது வயது.

அந்த வருஷம் அம்மா வெளுத்துக்கொண்டே வந்தாள். உதடும் நகமும் ஒரே நிறமாகிவிட்டன. டியூட்டி முடிந்து வந்தால் செருப்பைக் கழற்றாமலே கட்டிலில் சாய்வாள். என்ன என்று கேட்டதற்கு, ரத்தம் குறைவு என்றாள். மாமாவுக்கு அது போதும். ரத்தம் குறைந்தவர்களுக்கும் இளைப்புக்காரர்களுக்கும் பேராமையின் ரத்தத்தைச் சூடு ஆறுமுன் குடிக்கக் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. குறைந்ததைத்தானே ஊற்ற வேண்டும்?

நோயாளிகளின் கையிலிருந்து மந்திரித்த கயிற்றைக் கத்தரிக்கோலால் வெட்டி எறிபவள் என் அம்மா. அவள் இதற்கு எப்படித் தலையாட்டினாள் என்பது அப்போது எனக்கு வியப்பாகக்கூட இல்லை. வந்திருப்பது வெறும் ரத்தக்குறைவு இல்லை, மருந்துக்கு அடங்குகிற நோயும் இல்லை என்று ஈஸ்டருக்கு முன்பே அவளுக்குத் தெரியுமாம். நான் கல்லூரிக்குப் போன பிறகு அப்பா சொன்னார். தம்பியிடம் மட்டும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாளாம். தாயும் தகப்பனும் போனபின் அவள்தான் அவரை வளர்த்தவள்.

ஒரு வெள்ளிக்கிழமை, முதலாளி தொழுகைக்குப் போகிற நாளாகப் பார்த்து, மாமா படகைக் கேட்டு வாங்கினார். ஆமைக்கறி அரபிகளும் தின்பார்கள், ஆனால் ரத்தம் அவர்களுக்கு ஹராம், தொடக் கூடாதது. அதனால் ஆமையை உயிரோடு வீட்டுக்கே கொண்டுவர வேண்டும் என்று ஏற்பாடு. அடம்பிடித்து நானும் ஏறிக்கொண்டேன்.

ஆமை பிடிப்பதில் மாமாவுக்குச் சில கட்டுப்பாடுகள் இருந்தன. குத்தீட்டி எறியக் கூடாது. குத்துப்பட்டுத் தப்பிய ஆமை எங்கோ கிடந்து நாள்கணக்கில் சாகும், அந்தப் பாவம் குடும்பத்துக்கு ஆகாது. முட்டையிடக் கரையேறியதைப் புரட்டக் கூடாது. கடலிலும் சினை ஆமையைத் தொடக் கூடாது. பின்னங்காலுக்கு முன்னால் உள்ள மெத்தென்ற இடத்தை விரலால் அமுக்கினால் சினை தெரிந்துவிடும் என்பார். இவ்வளவு தர்மம் பார்க்கிறவர் பிடிக்காமலே இருந்துவிடலாமே என்று அப்பா கேலி செய்தார்.  மாமாவுக்கு அன்று சிரிப்பே வரவில்லை.

கடல்புல் வளர்ந்த ஆழமில்லாத இடம். அடியில் பச்சையாகத் தெரிந்தது. தட்டுப்பட்ட ஆமையை அப்பா எஞ்சினைக் கூட்டியும் குறைத்தும் விரட்டினார். அது மூச்சுக்குத் தலைதூக்கும் ஒவ்வொரு முறையும் படகு அதன் மேலே போய் நின்றது. நேரம் ஆக ஆக அது அடிக்கடி தலைதூக்கியது. கடைசியில் மாமா அதன் முதுகின்மேலேயே குதித்தார். ஒரு கையால் கழுத்துக்குப் பின்னால் ஓட்டின் விளிம்பையும், மறு கையால் வால் பக்கத்தையும் பிடித்து முன்பக்கத்தை மேலே தூக்கினார். அப்படித் தூக்கினால் ஆமையால் கீழே போக முடியாது. அது தன் பலத்தாலேயே நீந்தி மேலே வந்தது. நான் கைதட்டினேன்.

மாமா அன்று விரலால் அமுக்கிப் பார்க்கவில்லை. அப்பா ஞாபகப்படுத்தினார்.

"ஆடி மாசம்லா அத்தான், ஆடியில ஏது சினை? பங்குனியோட முடிஞ்சிட்டு" என்றார் மாமா.

அவருடைய பஞ்சாங்கத்தில் இருந்தது தூத்துக்குடிக் கடல். இந்தக் கடலில் ஆமைகள் கொடும் கோடையில்தான் முட்டையிடுகின்றன என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

வீட்டுக்குப் பின்னால் மதில் சூழ்ந்த கொஞ்சம் மணல் இருந்தது. ஆமை அங்கே மல்லாந்து கிடந்தது. அதன் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. அழுகிறதா என்று அப்பாவைக் கேட்டேன். உப்பு வடிகிறது என்றார். எனக்குச் சமாதானம் ஆகவில்லை. பக்கத்து வீட்டு மாயவரத்து மாமி மதில்மேல் எட்டிப் பார்த்துவிட்டு அந்தப் பழமொழியைச் சொன்னாள்.

அம்மா சுவரைப் பிடித்தபடி, "நாங்க உள்ள விடல மாமி, மண்ணுலதான் கிடக்கு" என்றாள்.

மாமா சிலுவை போட்டுக்கொண்டு கத்தியை எடுத்தார். என்னை உள்ளே போகச் சொன்னார்கள். கதவிடுக்கில் நின்றேன். வயிற்றுப் பக்கத்து ஓட்டை விளிம்போடு அறுத்துத் திறந்து, எவர்சில்வர் டம்ளரால் ரத்தத்தை மொண்டார். நிமிர்ந்தவர் மறுபடி குனிந்து பார்த்தார். உள்ளே முட்டைகள். வெள்ளையாக உருண்டு திரண்டவை ஒரு பக்கம், ஓடு பிடிக்காத மஞ்சள் கருக்கள் கொத்துக்கொத்தாக இன்னொரு பக்கம். மாமா டம்ளரோடு அம்மா பக்கம் திரும்பினார்.

"சினையா இருக்குக்கா. இது ஆகாது. கீழ ஊத்திருதேன்" என்றார். குரல் அவருடையதாகவே இல்லை.

அம்மா சுவரை விட்டு நாலடி தானாக நடந்து வந்தாள். அவள் அப்படி நடந்து பல நாள் ஆகியிருந்தது.

"கொண்டா இங்க. உசுரு போயிட்டு. இனி மண்ணுல ஊத்துனா மட்டும் திரும்பவா போவுது?" என்று டம்ளரை வாங்கினாள். ஒரே மூச்சில் குடித்தாள். முகம் சுளிக்கவில்லை. உதட்டைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "இப்பவே தெம்பாத்தான்ல இருக்கு" என்றாள். மாமா மணலில் உட்கார்ந்து விசும்பினார். எனக்குச் சந்தோஷம். அம்மா பிழைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

அவள் மெதுவாக உள்ளே போய்க் குளியலறைக் கதவைச் சாத்தினாள். குழாய் முழு வேகத்தில் திறக்கும் சத்தம் கேட்டது. எங்களுக்குத் தண்ணீர் லாரியில் வந்துகொண்டிருந்த காலம். பல் தேய்க்கும்போது குழாயை மூடாவிட்டால் தலையில் குட்டுகிறவள் அவள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நான் கதவைத் தட்டினேன்.

"அம்மா, தண்ணி வீணாப் போவுது."

கொஞ்சம் பொறுத்துத்தான் பதில் வந்தது. "தெரியும். நீ மாமாட்டப் போ."

மாமா இன்னும் மணலில்தான் இருந்தார். என்னைப் பார்த்ததும், "அம்மா வாந்தி எடுத்தாளா பிள்ள?" என்று கேட்டார். ஒரு சொட்டும் வெளியே வரவில்லை, கதவுக்குப் பக்கத்திலேயே நின்று கேட்டேன், தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான் கேட்டது என்று நான் அடித்துச் சொன்னேன். அவர் என் தலையில் கைவைத்து, கண்ணை மூடி, ஆண்டவருக்கு நன்றி சொன்னார்.