நைட் ஷிப்ட் பர்மனென்ட்

ஒரு மாதம் முழுக்க நான் கேரம் ஆட்டத்தில் தோற்கவே இல்லை. என் ஆட்டம் தெரிந்தவர்கள் இதைக் கேட்டதுமே, 'ஐயோ, இவனுக்கு உடம்பில் ஏதோ பெரிதாக வந்திருக்கிறது' என்று முடிவுகட்டிவிடுவார்கள். சரிதான். கணையத்தில் கட்டி. அது அங்கேயே அடக்க ஒடுக்கமாக இருந்திருக்கலாம். கல்லீரல்வரை போய் அங்கேயும் ஒரு குவார்ட்டர்ஸ் பிடித்துவிட்டது.

சொன்னவர் பாண்டிச்சேரியில் ஒரு சின்ன வயது டாக்டர். ரிப்போர்ட்டைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், மறுபடி ரிப்போர்ட்டைப் பார்த்தார். என்னை மட்டும் பார்க்கவில்லை.

"வருஷக் கணக்குல யோசிக்க வேண்டாம் சார்."

"எக்ஸ்டென்ஷன் எதுவும் கிடைக்காதா டாக்டர்?"

சுரங்கத்தில் பெல்ட் செக்‌ஷனில் வேலை பார்த்து ரிட்டையரானவன் வேறு எப்படிக் கேட்பான்? டாக்டர் சிரிக்கவில்லை. மேசைக்கு அடியில் என் தொடையில் மனைவி கிள்ளினாள். அன்றைக்கு எனக்கு உண்மையில் வலித்தது அது ஒன்றுதான்.

திரும்பி வரும் பஸ்ஸில் கடலூர்வரை அழுதுகொண்டு வந்தாள். கடலூர் பஸ் ஸ்டாண்டில் சமாதானத்துக்காக ஒரு முறுக்குப் பொட்டலம் வாங்கினேன். "எண்ணெய்ப் பலகாரம் ஆகாதுன்னு டாக்டர் சொன்னாருல்ல" என்று பிடுங்கி, மந்தாரக்குப்பம் வருவதற்குள் அவளே தின்று முடித்தாள். அதன்பிறகு என்னிடம் அவள் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. மறுநாள் காலையிலேயே குரல் வந்தது: "ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதீங்கன்னு எத்தனை வாட்டி சொல்றது? கட்டி வயித்துலதான இருக்கு, கையில இல்லயே?"

மாறிப்போனவர்கள் என் கேரம் கூட்டாளிகள் இரண்டு பேர்.

ஒருவன் காடாம்புலியூர்க்காரன். சுரங்கத்தில் மண் வெட்டும் பெரிய மெஷினை ஓட்டிய ஆபரேட்டர். அவன் வெட்டித் தள்ளுவதைச் சுமந்து போகும் பெல்ட்டை நான் பார்த்துக்கொண்டேன். ஒரே ஷிப்டில் கிழவர்களானோம். இன்னொருவர் திருநெல்வேலிக்காரர், டைம் ஆபீஸ். யார் வந்தான், யார் வரவில்லை, யாருக்கு லீவு என்று எங்கள் தலையெழுத்தை வைத்திருந்தவர். ஆபரேட்டரின் மகனும் கம்பெனியில் பர்மனென்ட் என்பதால் அவன் குடும்பம் இன்னும் குவார்ட்டர்ஸில்தான் இருக்கிறது. அந்த வீட்டுப் பின்பக்கம் பலாமரத்தடியில் தினம் சாயங்காலம் எங்கள் ஆட்டம்.

எங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. அன்றைக்குத் தோற்றவன்தான் பவுடரைத் துடைத்து, காய்களை டப்பாவில் போட்டு, அந்தக் கனத்த போர்டைத் தூக்கிக்கொண்டு போய் உள்ளறைச் சுவரில் சாய்த்து வைக்க வேண்டும். அதற்கு எங்கள் பாஷையில் நைட் ஷிப்ட் என்று பெயர். நான்தான் பெரும்பாலும் தோற்பவன். "நைட் ஷிப்ட்ல ஒன்ன பர்மனென்ட் பண்ணியாச்சிய்யா, பென்ஷன்தான் கெடையாது" என்பான் ஆபரேட்டர்.

என் மனைவி அவன் வீட்டுக்காரிக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்ன மறுநாள் நான் போனேன். கை வைத்த நாற்காலி போட்டிருந்தது. அதில் தலையணை வேறு. என்னைப் பார்த்ததும் ஆபரேட்டர் எழுந்து நின்றான்.

"வாங்க. ஒக்காருங்க."

'வாங்க'வா? இத்தனை வருஷத்தில் "யோவ்" தவிர அவன் வாயிலிருந்து எனக்கு வேறு மரியாதை கிடைத்ததில்லை. டாக்டர் சொன்னபோதுகூட நான் இப்படிப் பயப்படவில்லை.

ஆட்டம் தொடங்கியது. நான் ஜெயித்தேன். மறுநாளும் ஜெயித்தேன். எப்பேர்ப்பட்ட பாறையையும் பார்த்து நறுக்கிய ஆபரேட்டர், குழி வாயில் நின்ற காயைத் தவறவிட்டான். டைம் ஆபீஸ்காரர் ஸ்ட்ரைக்கரைக் காற்றில் வீசினார். "அருமையான ஷாட்டுங்க" என்று இரண்டு பேரும் பாராட்டினார்கள். இருட்டியதும் அவர்களே போர்டைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் தலையணையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன், என் சொந்தத் துக்கத்துக்கே வந்து உட்கார்ந்தவன் மாதிரி.

ஒரு மாதம் பொறுத்தேன். சாவு வரும்போது வரட்டும். அதற்கு முன்னால் இவர்கள் ஏன் டியூட்டி லிஸ்ட்டிலிருந்து என் பெயரை அடிக்கிறார்கள்? அந்த நைட் ஷிப்டைத் திரும்ப வாங்காமல் விடுவதில்லை என்று முடிவெடுத்தேன். வேண்டுமென்றே தோற்பதில் எனக்கு என்ன சிரமம்? பயிற்சிதான் ஏராளமாக இருக்கிறதே.

முந்தாநாள் ஆபரேட்டரும் நானும் ஆடினோம். டைம் ஆபீஸ்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். ஆளுக்கு இரண்டு மூன்று காய் உள்ளே போனதும் நான் ஸ்ட்ரைக்கரைக் குழியில் போட்டேன். ஃபைன், போட்ட காய் ஒன்று வெளியே வந்தது. ஆபரேட்டர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவன் ஸ்ட்ரைக்கரையும் குழியில் போட்டான். அவன் காய் ஒன்று வெளியே வந்தது. நான் மறுபடி போட்டேன். அவனும் போட்டான். கொஞ்ச நேரத்தில் உள்ளே போயிருந்த காய்கள் எல்லாம் ஊர் திரும்பியவர்கள் மாதிரி நடுவில் கூடிவிட்டன. டீ கொண்டுவந்த அவன் வீட்டுக்காரி நின்று பார்த்தாள்.

"என்னாங்க ஆட்டம் இது? அப்ப புடிச்சி ஆடிக்கினே கீறீங்க, ஒரு காயி கூட உள்ள போவல?"

"நீ எதுக்குய்யா வேணும்னே தோக்கற?" என்று ஆபரேட்டர் கத்தினான். மரியாதை போய்விட்டது. எனக்கு உள்ளே குளிர்ந்தது.

"நீ எதுக்குடா தோக்கற?"

"பின்ன? வயித்துல கட்டிய வெச்சிக்கினு கீற. ஒன் தலையில போர்ட தூக்கி வெக்கச் சொல்றியா? நான் மனுசனா இன்னா?" சொல்லும்போதே அவன் குரல் உடைந்தது. முகத்தைப் பலாமரத்துப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

நானும் அழுதிருப்பேன். ஆனால் இரண்டு கிழவர்களும் அழுதால் டீ ஆறிவிடும்.

"டேய், அடுத்த ஷிப்ட் ரிலீவர் வராம நான் என்னிக்காவது பெல்ட்டை விட்டுப் போயிருக்கேனா? எனக்கு ரிலீவர் வந்துட்டானா? எங்க, காட்டு பார்க்கலாம்."

டைம் ஆபீஸ்காரர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"ஒம்ம பேரை என்னைக்கு அடிக்கணும்னு நான் சொல்லுதேன். இன்னைக்கு ஒமக்கு டியூட்டி இருக்கு வே. ஒழுங்கா ஆடும்."

காய்களை மறுபடி அடுக்கினோம். அதன்பிறகு ஆபரேட்டர் ஆடியது ஆட்டம் இல்லை, வெட்டு. ஒன்பது காயும் சிவப்பும் வரிசையாக உள்ளே போயின. நான் இந்த முறை நிஜமாகவே முயன்றேன். என்னால் முடிந்தது மூன்று காய். "ஒன் கையில பெல்ட்ட குட்துட்டு எப்பிடிய்யா தூங்கனாங்க மேல இருந்தவங்க?" என்றான். கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது!

போர்டைத் தூக்கினேன். முன்பு இவ்வளவு கனமில்லை. அல்லது நான் இவ்வளவு லேசில்லை. படியேறும்போது மூச்சு வாங்கியது. எனக்குப் பின்னால் ஆபரேட்டர் வந்தான். இரண்டு கையையும் போர்டுக்கு அடியில் நீட்டி, ஆனால் தொடாமல் வந்தான். நான் திரும்பினால் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"சொவத்துல இடிச்சிடப் போற. இப்பத்தான் வெள்ளை அடிச்சிது."

உள்ளறைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். நின்றதை அவன் பார்த்தான். பார்க்காதவன் மாதிரி ஒட்டடை இருக்கிறதா என்று கூரையை ஆராய்ந்தான். பிறகு என் மூச்சு சீரானதும் சொன்னான்:

"யோவ், பவுடர தொடைக்காமயே தூக்கியாந்துட்ட. அத யாரு, ஒன் ரிலீவரா வந்து தொடைப்பான்?"

கொடியில் கிடந்த பழைய துணியை எடுத்துக்கொண்டு போர்டின் முன்னால் குந்தினேன்.