எதிர்க்கட்சி மச்சான்

போன வாரம் பொம்மையார்பாளையம் போயிருந்தேன். தேர்தல் முடிந்து, ரிசல்ட் வந்து, சுவரில் தொங்கிய போஸ்டரை ஆடுகள் நிதானமாக மென்றுகொண்டிருந்தன. முடிந்துபோன தேர்தலுக்கு இப்போது அங்கே என்ன வேலை என்கிறீர்களா? ஒரு குடும்பத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

முதலிலிருந்து சொல்கிறேன்.

தேர்தலுக்கு முன்பு எங்கள் பத்திரிகை ஆசிரியர் கூப்பிட்டார். "திண்டிவனத்துக்குக் கிழக்கே ஒரு கடலோரத் தொகுதி. ஒவ்வொரு தடவையும் மயிரிழையில்தான் முடிவாகிறது. போய்ச் சுற்றிவிட்டு எழுதுங்கள் — யார் ஜெயிப்பார்கள்?"

சுற்றினேன். விசித்திரமான தொகுதி! மேற்கே மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை போடும் விவசாயிகள். பம்பு செட்டுக்குக் கரண்ட் எப்போது வரும் என்பதுதான் அவர்களுடைய அரசியல். தெற்கே கோட்டக்குப்பம் பக்கம் பாதி கிராமம், பாதி பாண்டிச்சேரி. விடிந்ததும் டிபன் கேரியருடன் மில்லுக்கு பஸ் பிடிக்கிறவர்கள். கிழக்கே கடல். கரையை அலை அரித்துக்கொண்டே வருகிறது. கல் கொட்டித் தருகிறவருக்கே ஓட்டு என்கிறார்கள் மீனவர்கள். மேற்கு ஒரு பக்கம் சாய்ந்தால் கிழக்கு மறுபக்கம் சாயும். தெற்கு? கடைசி நாள் வரை வாயே திறக்காது...

பொம்மையார்பாளையத்து டீக்கடைக்காரரைக் கேட்டேன்.

"இன்னா சார், ஜோசியம் கேக்கறீங்க? இங்க ஒரே குடும்பத்துலயே யாரு எந்தப் பக்கம்னு அடிச்சிக்கினு கெடக்கறாங்க. ஆறுமுகம் வூட்டாண்ட போய்ப் பாருங்க."

போனேன். ஒரே முற்றத்தைப் பார்த்த இரண்டு வீடுகள். ஒன்றில் ஆளும் கட்சிக் கொடி, மற்றதில் எதிர்க்கட்சிக் கொடி. முதல் வீட்டு ஆறுமுகம், ஆளும் கட்சியின் கிளைச் செயலாளர். எதிர்வீட்டு தேசிங்கு, எதிர்க்கட்சிக்கு எல்லாமே அவர்தான். ஆறுமுகத்தின் மனைவி அஞ்சலை, தேசிங்குவின் கூடப் பிறந்த தங்கை. போன தேர்தலில் ஏதோ வாய்த்தகராறு — மச்சான்கள் இருவரும் அன்று நிறுத்திய பேச்சை இன்னும் தொடங்கவில்லை. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வலை பிரிப்பார்கள். பேசுவது மட்டும் அஞ்சலையிடம்.

"அஞ்சல, உங்க அண்ணன் வலைய என் கட்டுமரத்து மேல காயப் போட்டுக்கினு இருக்காரு. எடுக்கச் சொல்லு."

"தங்கச்சி, காஞ்சதும் எடுக்கறேன்னு உன் வூட்டுக்காரருக்கு சொல்லு."

அஞ்சலை மீன் அரிந்தபடியே என்னைப் பார்த்துச் சிரித்தார். "காதுல வுழுந்தும் வுழாத மாதிரி இருக்காங்க பாருங்க சார். ரெண்டும் ஒரே பேஜாரு."

'யார் ஜெயிப்பார்கள் என்று ஆண்டவனுக்கே தெரியாது' என்று எழுதி அனுப்பினேன். ஆசிரியருக்குக் கோபம். ஓட்டுப்பதிவு அன்றைக்கும் அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டார்.

அன்று காலையிலேயே வாடைக்காற்று பலமாக வீசியது. பள்ளிக்கூடத்தில் பூத். ஏஜெண்டாக ஆறுமுகம் வந்து உட்கார்ந்துவிட்டார். தேசிங்கு நாற்காலி காலி! முந்தின நாள் விட்ட வலையைக் காற்று கொண்டுபோய்விடும் என்று, விடியுமுன்னே கூட்டாளி ஒருவருடன் கட்டுமரத்தில் போனாராம். சீக்கிரம் வந்துவிடுகிறேன் என்றாராம்.

மதியமாகியும் வரவில்லை. அலை எழும்பிக்கொண்டே இருந்தது. செய்தி பரவியதும் தேசிங்குவின் உறவும் கட்சியும் க்யூவை விட்டுவிட்டுக் கரைக்கு ஓடின. அந்தப் பக்கத்து வரிசையே கரைந்துபோனது.

அப்போது ஒரு ஜீப் வந்து நின்றது. ஆளும் கட்சியின் பெரிய புள்ளி ஒருவர் இறங்கி, ஆறுமுகத்தை வெளியே வரவழைத்தார்.

"ஆறுமுகம், இது தானா வந்த சான்ஸு. அவுங்க ஆளுங்க ஒருத்தரும் க்யூவுல இல்ல. நம்ம ஆளுங்கள ஜல்தியா கூட்டியாந்து குத்தச் சொல்லு. நீ எடத்த வுட்டு நகராத."

ஆறுமுகம் கடல் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு சட்டையில் குத்தியிருந்த பேட்ஜைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார்.

"மச்சான் கடல்ல கெடக்காருங்க. நான் இங்க குந்திக்கினு இன்னா பண்ணப் போறேன்?"

நேற்றுவரை அவருடன் கோஷம் போட்ட ஆட்களில் பலர் இன்னும் ஓட்டுப் போட்டிருக்கவில்லை. அவர் கூப்பிட்டதும் அப்படியே வந்தார்கள். எதிர்க்கட்சிக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். யார் மரம், யார் துடுப்பு என்று எவரும் பார்க்கவில்லை. அலையை வெட்டிக்கொண்டு மரங்கள் வரிசையாக உள்ளே போயின.

நான் அஞ்சலை பக்கத்தில் நின்றேன். வேறென்ன செய்ய? எனக்கு நீச்சல்கூடத் தெரியாது.

"இவ்ளோ நேரம் அண்ணன் ஒருத்தருக்காவ அழுதுக்கினு இருந்தேன் சார்" என்றார், கடலை விட்டுக் கண்ணை எடுக்காமல். "இப்ப ரெண்டு பேருக்கும் அழணும்."

வெயில் சாய ஆரம்பித்தபோது முதல் மரம் தெரிந்தது. கிட்டே வந்த பிறகுதான் தெரிந்தது — துடுப்பு போடுவது ஆறுமுகம். அவர் காலடியில் சுருண்டு கிடப்பது தேசிங்கு. கூட்டாளி அடுத்த மரத்தில் வந்தார். கட்டு அறுந்து அவர்களுடைய கட்டுமரம் பிரிந்துபோக, ஒற்றை மரத்தைக் கட்டிப் பிடித்தபடி இருவரும் மிதந்திருக்கிறார்கள்.

அஞ்சலை இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டார். இரண்டு பேரையும் மாறி மாறி அடித்தார். அப்புறம் அழுதார்.

தேசிங்கு உப்புத் தண்ணீரைத் துப்பிவிட்டு, எத்தனையோ காலம் கழித்து, நேராக ஆறுமுகத்தைப் பார்த்தார். "மச்சான்..."

"பேசாத. மூச்ச வுடு மொதல்ல." ஆறுமுகம் அவர் முதுகைத் தட்டினார். மூச்சு திரும்பியதும், "எழுந்துருங்க. பூத்த மூடிடப் போறாங்க, ஓட்டு போட வாணாமா?" என்றார்.

தன் கட்சிக்கு எதிராக விழப் போகும் ஓட்டு அது என்று தெரியாதா அவருக்கு? தோளில் தாங்கிக்கொண்டே நடந்தார். பின்னால் இரண்டு கட்சியும் ஈரத்துணியோடு ஓடின. கதவு மூடுவதற்குள் உள்ளே போய்விட்டார்கள். தேசிங்குவின் விரலில் வைத்த மை நிற்கவில்லை, ஈரத்தில் வழிந்தது. ஆறுமுகமே தன் சட்டையில் துடைக்கப் பார்த்தார். அதுவும் ஈரம்! கடைசியில் தேர்தல் அதிகாரி தன் கைக்குட்டையைக் கொடுத்தார்.

ரிசல்ட்? வழக்கம்போல மயிரிழைதான். எதிர்க்கட்சி ஜெயித்தது. 'தானாக வந்த சான்ஸை விட்டாய், உன்னால்தான் தோற்றோம்' என்று ஆறுமுகத்தின் பதவியைப் பிடுங்கிவிட்டார்கள்.

அதைக் கேள்விப்பட்டுத்தான் போன வாரம் போனேன். ஊரெல்லாம் வெடி வெடித்த தேசிங்கு, அந்த முற்றத்தில் மட்டும் ஒரு வெடிகூட வைக்கவில்லையாம். மச்சான்கள் ஒன்றாக உட்கார்ந்து புதுக் கட்டுமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள், பக்கத்தில் அஞ்சலை.

"வருத்தமா இருக்கா?" என்று ஆறுமுகத்தைக் கேட்டேன்.

"இல்லாம இருக்குமா சார்? இத்தினி வருஷம் ஒழச்ச கட்சி." கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். "ஆனா அங்கயே குந்திக்கினு ஜெயிச்சிருந்தா, எந்த மூஞ்சிய வெச்சிக்கினு இவ கையால சோறு துன்னுவேன்?"

தேசிங்கு குனிந்தபடியே அடுத்த முடிச்சைப் போட்டார்.

பேச்சை மாற்றலாம் என்று அஞ்சலையிடம், "நீங்க யாருக்குப் போட்டீங்க?" என்றேன்.

"நானா? நான் எங்க சார் போட்டேன்? ஈரப் பொடவையோட கரையிலயே நின்னுக்கினு இருந்தேன். இவுங்க ரெண்டு பேரும் கட்டிப் புடிச்சிக்கினு போயிட்டாங்க. திரும்பி 'அஞ்சல, நீயும் வா'ன்னு ஒரு வார்த்த கேட்டாங்களா?"

முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த மச்சான்கள் இருவர் கைகளும் அப்படியே நின்றன. 'அது என் கட்சிக்கு விழுந்த ஓட்டு' என்று இருவருமே நம்பிக்கொண்டிருந்தார்கள் என்று முகத்திலேயே தெரிந்தது.

அந்தத் தொகுதியில் அடுத்த போட்டி இப்போதே சூடு பிடித்துவிட்டது — அஞ்சலையை யார் பூத்துக்குக் கூட்டிப் போவது என்று!