நாலாவது சாய்ஸ்

ஆம்பூரில் ஷூ கம்பெனிக்கு ஆள் அனுப்பாத வீடு குறைவு. எங்கள் தெருவில் அட்மிஷன் சீனிவாசனிடம் போகாத வீடே கிடையாது. வருஷம் முழுக்க அவர் கட்டிங் செக்‌ஷன் சூபர்வைசர். பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் கல்வி ஆலோசகர். அப்படித்தான் விசிட்டிங் கார்டில் போட்டிருக்கிறது. எதிர்வீட்டுக்காரன் என்ற உரிமையில் எனக்கு ஒரு கட்டுக் கார்டே கொடுத்திருக்கிறார். எனக்குப் பிள்ளை குட்டி இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

ஜூலை வந்தால் அவர் வீட்டு வாசலில் செருப்பு விட இடம் இருக்காது. இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் பிள்ளைகள் தங்களுக்கு வேண்டிய கல்லூரிகளை வரிசையாகக் கம்ப்யூட்டரில் போட்டு லாக் செய்ய வேண்டும். கம்ப்யூட்டர் மேலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வரும். எந்தக் கல்லூரிக்குப் பிள்ளையின் கட்-ஆஃப் போதுமோ அதைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றுவிடும். அதற்குக் கீழே சொர்க்கமே இருந்தாலும் திரும்பிப் பார்க்காது.

சீனிவாசனின் வைத்தியம் எல்லோருக்கும் ஒன்றுதான்.

"ஆசைக்கு மூணு. அளவுக்குப் பத்து. ஆபத்துக்கு ஒன்னு. ஏழாம் நம்பர் காலை வச்சிக்கினு ஒம்போதாம் நம்பர் ஷூவுக்கு ஆசைப்படலாம், நடக்க முடியுமா? இன்னா சொல்றீங்க?"

ஷூ தைக்கிற ஊரில் இதற்கு மேல் விளக்கம் எதற்கு? எல்லோரும் தலையாட்டுவார்கள்.

யோசனை தப்பில்லை. எங்கள் ஜனங்களுக்கு அதைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்தான். பெண் கேட்டுப் போகும்போது மட்டும் தங்கள் தகுதி என்ன, எதிராளியின் தகுதி என்ன என்று தராசில் நிறுத்துப் பார்ப்பார்கள். காலேஜ் என்று வந்துவிட்டால் தராசைத் தூக்கிப் பரண் மேல் போட்டுவிடுவார்கள். தோல் கழிவு வியாபாரம் செய்யும் ஜியாவுல்லா பாய் அப்படித்தான் செய்தார். மகன் ஆமிருக்குச் சென்னையின் பெரிய கல்லூரிகளாக மூன்றே மூன்றைப் போட்டு லாக் செய்துவிட்டார்.

"கம்மியானத எழுதினா கம்மியானதுதான் தோஸ்த் வரும். கேக்கறப்பவே ஜாஸ்தியா கேக்கணும்" என்றார் என்னிடம்.

லிஸ்ட் வந்த அன்று ஆமிருக்கு எதுவுமே வரவில்லை. அடுத்த ரவுண்டுக்குக் காத்திருந்த நாட்களில் பாயின் தாடி பாதி வெளுத்துவிட்டது.

பாய்க்கு விழுந்த அடி சீனிவாசனுக்கு விளம்பரமாயிற்று. "என் கையால போட்டு சீட் வராத புள்ள ஒன்னைக் காட்டுங்க" என்று சவால் விடுவார். யாராலும் காட்ட முடியாது. அது உண்மைதான். அந்த உண்மைக்குள் எலி ஓடிக்கொண்டிருந்தது அப்போது எங்களுக்குத் தெரியாது.

ஆபத்துக்கு என்று அவர் வைத்திருந்தது எப்போதும் ஒரே கல்லூரி. பெயரைச் சொன்னால் வம்பு. நெடுஞ்சாலையை விட்டு விலகி, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே இருக்கிறது. வெளியே பார்த்தால் அரண்மனை. உள்ளே கம்ப்யூட்டர்களுக்கு உறை போட்டு வைத்திருப்பார்கள். ஆய்வுக்கு ஆள் வருகிற அன்று கழற்றுவார்கள். அங்கே நாலு வருஷம் படித்து முடித்த எங்கள் தெருப் பையன்கள் இப்போது ஷூ கம்பெனியில் பேக்கிங்கில் நிற்கிறார்கள். படிக்காமலே அந்த வேலைக்குப் போன அவர்கள் தோழர்கள் நாலு வருஷம் சீனியர்.

ஆபத்துக்கு வைத்திருப்பது கடைசியில் அல்லவா இருக்க வேண்டும்? சீனிவாசன் அதை நாலாவதாகப் போடுவார். ஆசைக்குப் போட்ட மூன்றும் எப்படியும் வராது. நாலாவதில் கம்ப்யூட்டர் நின்றுவிடும். அதற்குக் கீழே அவர் பயபக்தியோடு அடுக்கிய பத்து நல்ல கல்லூரிகளும் வெறும் ஜோடனை. யாராவது கேட்டால், "மேல இருந்தாதான் ஸ்ட்ராங்கு" என்பார். கம்ப்யூட்டர் விஷயத்தில் சூபர்வைசரை எதிர்த்து யார் பேசுவது?

இதற்குக் கூலியாகத் தலைக்கு இவ்வளவு என்று கல்லூரி கொடுப்பதாகப் பேச்சு உண்டு. நான் பார்த்ததில்லை. ஆண்டு விழா மேடையில் அவருக்கு நாற்காலி போட்டுப் பொன்னாடை போர்த்துவதைத்தான் பார்த்திருக்கிறேன். காசைவிட அதில்தான் மனிதருக்குக் கிறுக்கு என்று நினைக்கிறேன். அவர் வீட்டில் கிரைண்டருக்கு ஒரு பொன்னாடை, டிவிக்கு ஒன்று, தையல் மிஷினுக்கு ஒன்று. தெருவில் அவ்வளவு மரியாதை பெற்ற கிரைண்டர் வேறு இல்லை.

இந்த வருஷம் அவருடைய ஒரே மகள் சௌமியா பிளஸ் டூ எழுதினாள். ரிசல்ட் வருவதற்கு முன்னாலேயே ஆண்டு விழா வந்துவிட்டது. கல்லூரித் தலைவர் மைக்கைப் பிடித்து, "நம்ம சீனிவாசன் சார் தன் சொந்த மகளையே நம்மிடம் ஒப்படைக்கிறார்" என்று அறிவித்தார். சீனிவாசன் எழுந்து நின்று நாலு திசைக்கும் கும்பிட்டார். அந்த வீடியோ தெருவில் எல்லோருடைய வாட்ஸ்அப்பிலும் வந்தது.

பிறகு ரிசல்ட் வந்தது. சௌமியாவுக்கு இருநூறுக்கு நூற்று எண்பத்தாறு கட்-ஆஃப். மனிதருக்குத் திருடனுக்குத் தேள் கொட்டியது போல ஆகிவிட்டது. மகளை அங்கே சேர்த்தால் அவள் படிப்பு போச்சு. சேர்க்காவிட்டால், 'உம் பொண்ணுக்கு வேணாம், எங்க புள்ளைங்களுக்கு மட்டும் வேணுமா' என்று தெரு கேட்கும்.

சௌமியாவின் ரவுண்டுக்கு லாக் செய்யக் கடைசி நாள் சாயங்காலம் நான் அவர் வீட்டில்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டில் பேப்பர் வாங்குவதில்லை. பக்கத்து வீட்டு சம்பூர்ணம் வந்தாள். அவளும் ஷூ கம்பெனியில்தான், மிஷினில் மேல்பாகம் தைக்கிறவள். மூத்தவன் ஹேமந்த் அந்தக் கல்லூரியில் மூன்று வருஷம் முடித்துவிட்டான். இளையவள் பாரதிக்கு இந்த வருஷம். அவளுடைய மார்க் ஷீட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள்.

"அண்ணா, பாரதிக்கும் நீங்கதான் போட்டுத் தரணும். சௌமியா அங்கதான் சேருதாமே, வீடியோ பார்த்தேன். ரெண்டும் ஒன்னா போய்ட்டு வரட்டும். எனக்கும் தெம்பா இருக்கும்."

"பார்க்கலாம்மா, பார்க்கலாம்" என்றார் சீனிவாசன். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த சௌமியா, "அப்பா, லாக் பண்ணப் போறேன்" என்றாள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "நம்ம காலேஜ் எங்கம்மா?" என்று சம்பூர்ணத்துக்குக் கேட்கும்படி கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கடைசில போட்டு வை. பேருக்கு" என்றார்.

கெட்டிக்காரர்தான். கடைசியில் போட்டால் அது வரப்போவதில்லை. 'போட்டோம், வரல' என்று தலைவருக்கும் சொல்லலாம், தெருவுக்கும் சொல்லலாம்.

சௌமியா நாற்காலியைத் திருப்பினாள். "ஏம்ப்பா கடைசில? ஹேமந்த் அண்ணனுக்கு நாலாவதா போட்டீங்களே. மேல இருந்தாதான் ஸ்ட்ராங்குன்னீங்களே. எனக்கும் நாலாவதா போடட்டுமா?"

"வேணாம்!"

அவ்வளவு வேகமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. சௌமியா வேண்டுமென்றேதான் கேட்டாள். அவள் முகத்தில் கோபம் அப்படியே தெரிந்தது.

சம்பூர்ணத்துக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் ஒரு தகப்பன் பதறினால் தெரியும். "நாலாவதா போட்டா இன்னா ஆவும்?" என்று கேட்டாள்.

"அதுவே வந்துடும் அத்த. கீழ இருக்கறத பார்க்கவே பார்க்காது."

"ஹேமந்துக்குக் கீழ இன்னா இருந்திச்சி?"

சௌமியா அப்பாவைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சாவதா கவர்மென்ட் காலேஜ் இருந்திச்சி அத்த. அண்ணன் மார்க்குக்குக் கெடச்சிருக்கும். அன்னிக்கு நான்தான் பக்கத்துல உக்காந்து டைப் பண்ணேன். அப்ப எனக்குத் தெரியல."

"உறுதியா கெடைக்கும்னு எப்டிம்மா சொல்றது?" என்று சீனிவாசன் ஆரம்பித்தார். "ஹாஸ்டல் செலவு வேற. புள்ள கண்ணு முன்னால இருக்கட்டும், ஒரு சேஃப்டிக்கு..."

நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

சம்பூர்ணம் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பாரதியின் மார்க் ஷீட்டை எடுத்துக் கவரில் போட்டுக்கொண்டாள்.

"பாரதிய வரச் சொல்லுங்க அத்த, நான் போட்டுத் தர்றேன்" என்றாள் சௌமியா.

"வேணாம்மா. இந்த வூட்ல வேணாம்."

சௌமியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சம்பூர்ணம் அதைப் பார்த்தாள், ஆனாலும் நிற்கவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு சீனிவாசனைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஹேமந்த் இன்னிக்கும் உங்கள ரோட்ல பார்த்தா வண்டிய நிறுத்தி, எறங்கிக் கும்பிட்டுட்டுத்தான் போறான்ணா."

சீனிவாசன் எழுந்து வாசல் வரை வந்தார். "அவன்கிட்ட சொல்லிடாதம்மா" என்றார்.

"சொல்ல மாட்டேன்ணா" என்றாள் சம்பூர்ணம். "இன்னும் ஒரு வருஷம் அவன் அங்கதான போய்ப் படிக்கணும்."