கண் கலங்க வைத்த எரு

எரு வியாபாரத்தில் திருடனைப் பிடித்துக் கட்டிவைக்க முடியாது. அவன் காற்றாக வருவான், தண்ணீராகவும் வருவான். வண்டிச் சரக்கு விற்று வயிறெரிந்தவர்களே, உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

மூக்குத் தராசு

யுத்த காலம். தாராவி எருமைத் தொழுவங்களில் சாணம் வாங்கிக் குவித்து, மக்கவைத்து, செம்பூர்க் கீரைத் தோட்டங்களுக்கு மாட்டுவண்டியில் அனுப்புவேன். பெரிய வாடிக்கை, தாத்யா என்கிற மராத்திக்காரர். அவர் கைவிட்டால் வண்டியை விற்க வேண்டியதுதான். ஒரு பிடி எருவை முகர்வார். கண் கலங்கினால்தான் எடுப்பார். அதற்காகவே வெயிலில் குவியலைக் கிளறிக் கிளறி நெடி ஏற்றுவேன். ஒரு வண்டிக்கு அவர் கண் கலங்கவில்லை.

"அரே அண்ணா, இது எருவா, ரோட்டு மண்ணா?"

மாட்டுங்காவில் மறியல்

இன்னும் கிளறினேன். மாட்டுங்கா வழியாக வண்டி போகையில், மருந்துக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்த பாலக்காட்டு மாமா ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு மறித்தார். "சத்துள்ள சரக்குங்காணும், நெடி அடிக்கத்தான் செய்யும்!" என்று பாய்ந்தேன். மனுஷர் அசரவில்லை.

"சத்து பூரா அம்மோனியா நெடியா என் மூக்குக்கு வந்துடறதே, கீரைக்கு என்ன ஓய் மிச்சம்?"

சாக்கடையின் கொள்முதல்

மழை பிடித்தது. திறந்து கிடந்த குவியலிலிருந்து சாறு டீத்தண்ணீர் மாதிரி வழிந்தோடியது. சாக்கடையோரப் புல் கருகருவென்று கொழுத்தது. தாத்யாவின் கீரையோ வெளிறி மஞ்சளாக நின்றது. இனி கோவண்டி ஊர் எரு வியாபாரியிடம் வாங்கப் போவதாக ஆள் விட்டார். நான் குதித்தேன், கத்தினேன். என் வண்டிக்காரன் சுடலை, திருநெல்வேலிப் பக்கத்தவன், பீடியைப் பற்றவைத்தபடி சொன்னான்:

"அண்ணாச்சி, உம்ம சரக்கைச் சாக்கடை சும்மா வாங்கிட்டுப் போவுது. அதுகிட்ட பேரம் பேசும்!"

மண்வெட்டிச் சண்டை

அன்றைக்கே குவியலை மேட்டுக்கு மாற்றினேன். வைக்கோல் கலந்து, மேலே மண் பூசி, ஓலை வேய்ந்தேன். கிளறுவதை விட்டேன். மக்கி வந்தபோது நெடி அடங்கியிருந்தது. தாத்யா முகர்ந்தார், வண்டியைத் திருப்பச் சொன்னார். "ஒரு பாத்திக்குப் போடும்! கீரை கறுக்காவிட்டால் இந்தப் பக்கமே வரமாட்டேன்!" என்று கத்தினேன். அவர் ஆட்கள் எருவை வெயிலில் பரப்பிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். எனக்குப் பொறுக்குமா? மண்வெட்டியை எடுத்து, காற்று சத்தைத் தூக்கிப் போகுமுன் நானே மண்ணுக்குள் வெட்டிப் புதைத்தேன்.

அந்தப் பாத்திக் கீரை மட்டும் கரும்பச்சையாக எழுந்தது. தாத்யா குனிந்து ஓர் இலையைத் தடவினார்.

"வண்டி வரட்டும் அண்ணா. ஆனா நாத்தம் குறைஞ்சுபோச்சே, விலையும் குறையணும்!"

குவியலை மூடக் கற்றுக்கொண்டேன், வாயை மூடத்தான் இன்னும் வரவில்லை.