தியாகியின் கதர்ச் சட்டை

சுதந்திரப் போராட்டத் தியாகி ஒருவர் வாழ்ந்த வீட்டைப் பார்க்கப் போனோம். அன்று ஒரு நாளாவது எங்கள் பனியன் கம்பெனியைப் பற்றி நினைப்பதில்லை என்று மனைவியிடம் சத்தியம் செய்திருந்தேன். ஐம்பது வயதிலும் மனிதன் திருந்தலாம் என்று வழியெல்லாம் சொற்பொழிவு வேறு.

உள்ளே ஆணியில் தியாகியின் கதர்ச் சட்டை தொங்கியது. மறுகணம் அதன் ஓரம் என் விரல்களுக்கிடையே இருந்தது.

"ஏனுங்க, திருந்தியாச்சுங்களா?" என்றாள்.

"தியாகத்தைத் தொட்டுப் பாக்கறேன்."

"தொடுங்க. எதுக்கு இழுத்துப் பாக்கறீங்க?"

கையை எடுத்துக்கொண்டேன். அவள் சட்டையை நேராக்கப் போனவள், ஓரத்தைத் திருப்பி உள்பக்கம் பார்த்தாள்.

"பிசிறே இல்லீங்க. நம்ம டெய்லருங்களுக்குக் காட்டோணும், ஒரு போட்டோ எடுங்க."